உள்நட்டு

முள் நாற்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது.

பாஸ்கல் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தான். முப்பத்தைந்து. வழக்கமாக இந்த இடத்தில் வண்டி அடங்கிவிடும். இன்றைக்கு அடங்கவில்லை. தேனீயைப் பொத்திப் பிடித்த மாதிரி உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு மிச்சம் இருந்தது.

சின்னக்கானலில் இருந்து பூப்பாறைப் பக்கம் இறங்கும் ரோடு. காலை ஆறே முக்கால். தை மாதப் பனி தேயிலையின் மேல் இன்னும் படுத்தே கிடந்தது. ஜீப்பின் பின்னால் ஏழு பெண்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏலக்காட்டில் காய் எடுக்கப் போகிறவர்கள். எட்டாவது ஆள் முன் சீட்டில், அவனுக்கு இடப்பக்கம். அவன் மனைவி சந்தனமேரி.

"என்ன பாஸ்கலு, ஒன் வண்டிக்குக் காய்ச்சலா? வெடவெடன்னு ஆடுது." பின்னால் இருந்து மாரித்தாய் கேட்டாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் வாய்.

"ரோடு அப்படி மதினி."

"ரோட்டச் சொல்லாத. ரோடு பாய விரிச்ச மாதிரில்லா கெடக்கு."

"அப்ப ஒங்க வெயிட்டுதான்."

"ஏட்டி, கத்தரீனாக்காவச் சொல்லுதான்டி!"

"என்னையவா?" கத்தரீனாள் குரல் சீறியது. "முட்டு வலிக்கு ரெண்டு மாத்திரயும் ஒரு டம்ளர் கட்டங்காப்பியும் குடிச்சிட்டு வாரேன். அதுலயா இவன் வண்டி ஆடுது?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. சந்தனமேரி சிரிக்கவில்லை. அவள் செருப்புக்கு அடியில் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. குனிந்து அதையே பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஸ்பேசர் புதுசுல்லா," அவன் தணிந்த குரலில் சொன்னான். "ஓட ஓடப் படிஞ்சிரும்."

காட்டு வாசலில் பெண்கள் இறங்கிப் போனதும் வீல் பானாவை எடுத்துக்கொண்டு முன் இடது சக்கரத்தின் முன்னால் குந்தினான். ஐந்து நட்டு. ஒவ்வொன்றிலும் பானாவைக் கொடுத்து உடம்பால் அழுத்தினான். ஒன்றும் அசையவில்லை. ஐந்தும் கல்.

அந்தக் கல்தான் அவனை இத்தனை நாளும் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் பக்கத்துத் தொழிலாளர் லயத்து ஜீப் ஒன்று ஏலக்காட்டு மண்பாதையில் ஒருக்களித்துச் சாய்ந்தது. மூன்று பெண்களுக்குக் கை கால் முறிந்தது. அதில் ஒருத்தியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த சந்தனமேரி, அன்றைக்குச் சோறு போடும்போதே சொல்லிவிட்டாள்.

"சக்கரத்த வெளிய தள்ளி மாட்டலாமாமே. மனுசன் கால அகட்டி நின்னா சாய மாட்டான்லா, அது மாதிரி. நீங்க மாட்டுங்க. மாட்டுனாத்தான் இனி நான் அந்த மண்பாதைக்கு ஏறுவேன்."

மாட்டினான். ஒன்றரை அங்குல கனத்தில் நாலு வட்டத் தட்டுகள். அதற்குத்தான் ஸ்பேசர் என்று பெயர். முதலில் தட்டைப் பிரேக் டிரம்மின் முகத்தில் வைத்து ஐந்து நட்டு முறுக்க வேண்டும். தட்டில் வேறு ஐந்து போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் அதில் ஏறும், அதற்குத் தனியாக ஐந்து நட்டு. சக்கரம் ஏறிவிட்டால் உள்நட்டுகள் கண்ணில் படாது.

பூப்பாறை மலையாளி மெக்கானிக் ஜோமோன், "கொண்டு வா அண்ணா, ஞான் மாட்டித் தாரேன்" என்று சொல்லியிருந்தான். பாஸ்கல் போகவில்லை. இருபது வருஷமாக மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு நாலு தட்டு மாட்டத் தெரியாதா? செபஸ்தியார் திருநாள் முடிந்த கையோடு ஒரு வியாழக்கிழமை லயத்து வாசலில் ஜாக்கி வைத்துத் தானே மாட்டினான். வெள்ளிக்கிழமை காலையில் நாற்பதில் நடுக்கம்.

அவன் சும்மா இருக்கவில்லை. பெண்களைக் காட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் ஏற்றும் வரை பகல் அவனுடையதுதான். டயர் கடைக்குப் போனான். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து விளிம்பில் ஈயத்துண்டு அடித்துக் கொடுத்தார்கள். நடுக்கம் போகவில்லை. முன் சக்கரம் இரண்டையும் பின்னால் மாற்றச் சொன்னான். நடுக்கம் முன் இடது பக்கத்திலேயே நின்றது. அப்படியானால் டயர் இல்லை. அலைன்மெண்ட் பார்த்தான். ஸ்டியரிங் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடித்தான். எதுவும் பலிக்கவில்லை.

டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது உள்நட்டுகள் அவன் கண்ணில் பட்டன. ஐந்தும் இருந்தன. இருப்பது வேறு, இறுகி இருப்பது வேறு என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. பானா வைத்துப் பார்க்கவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் சந்தனமேரி ஏற மாட்டாள். அவள் ஏறாவிட்டால் மற்ற ஏழு பேரும் ஏற மாட்டார்கள். நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒன்பது நாள் ஓட்டினான்.

இன்றைய சனிக்கிழமைதான் ஒன்பதாம் நாள். சாயங்காலம் திரும்பி வரும்போது வளைவில் பிரேக் மிதித்தான். இடப்பக்கம் கீழே, இரும்பில் இரும்பு தட்டிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டக்.

அடுத்த வளைவிலும் கேட்டது.

வீடு வந்து முகம் கழுவிவிட்டுச் சந்தனமேரி கப்பக்கிழங்கை மடியில் வைத்துத் தோல் உரிக்க உட்கார்ந்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாஸ்கல் வாசலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"அந்தச் சத்தம் எப்ப இருந்து?"

"எந்தச் சத்தம்?"

"எங்காலுக்குக் கீழ டக்குன்னுச்சே. ரெண்டு வளவுல."

"இன்னைக்குத்தான்."

"ஆடுறது?"

"ரெண்டு நாளா." பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை மூடுவதற்கு உடனே ஒரு சண்டையும் வந்தது. "நீதான மாட்டச் சொன்ன? மாட்டாம இருந்தா இந்தத் தொல்லை உண்டா? இருபது வருசம் ஓடுன வண்டி."

அவள் கையில் கத்தி நின்றது.

"சாயக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன்."

"சாயலல்லா?"

"இல்ல. சாயல." அவள் மறுபடி உரிக்கத் தொடங்கினாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஜோமோன்ட்ட போவோம். நானும் வாரேன்."

"அங்க நீ எதுக்கு? ஒரே கிரீசும் அழுக்கும்."

"பத்து மணி நேரம் ஏலச்செடிக்கு அடியில சேத்துல உக்காந்துட்டு வாரவளுக்கு அழுக்கு என்ன செய்யும்? வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஜோமோன் பட்டறை வாசலில் கைலியோடு நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"எந்தா பாஸ்கலண்ணா, கர்த்தரே ரெஸ்ட் எடுத்த நாளு. வண்டிக்கு இன்னிக்கு என்னா அசுகம்?"

"ஆடுது."

"எத்தனைல?"

"நாப்பதுல. நேத்துல இருந்து முப்பத்தஞ்சுலயும் ஆடுது."

"பிரேக் பிடிச்சா?"

"டக்குன்னு ஒரு சத்தம்."

ஜோமோன் பல்குச்சியைத் துப்பினான். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "ஆட்டம் எப்ப தொடங்குச்சு?"

பாஸ்கல் கண் ஓரமாகப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி, முக்காட்டை இன்னும் எடுக்காமல் சந்தனமேரி நின்றிருந்தாள்.

"சத்யம் பற அண்ணா. நாள் தெரிஞ்சாத்தான் எங்க கை வெக்கணும்னு எனக்குத் தெரியும்."

"மாட்டுன மறுநாள்ல இருந்து."

"மாட்டுனது?"

"போன வாரத்துக்கு முந்துன வியாழன்."

சந்தனமேரி விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. முக்காட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்து நின்றாள்.

முன் இடது பக்கம் ஜாக்கி ஏறியது. ஜோமோன் வெளிநட்டுகளில் பானாவைக் கொடுத்தான்.

"கல்லு மாதிரி இருக்கும், பாரு," என்றான் பாஸ்கல். "தெனமும் நான் பாக்கேன்லா."

"வெளிய உள்ளதப் பாத்துட்டு இருந்திருக்க."

சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். ஸ்பேசரும் அதன் குழிகளுக்குள் ஐந்து உள்நட்டுகளும் தெரிந்தன. ஜோமோன் பானாவை எடுக்கவில்லை. இரண்டு விரலால் ஒரு நட்டைப் பிடித்துத் திருகினான்.

சுற்றியது. சோடா பாட்டில் மூடி மாதிரி சுற்றியது.

அடுத்ததும் விரலிலேயே சுற்றியது. மூன்றாவதைத் தொட்டான். நட்டு சுற்றவில்லை. உடைந்த போல்ட் துண்டோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பாதி துரு ஏறியிருந்தது, பாதி பளபளப்பாக இருந்தது. விரிசல் விழுந்து நாலைந்து நாள் ஆகியிருக்க வேண்டும்.

ஜோமோன் அதைப் பாஸ்கலின் உள்ளங்கையில் வைத்தான்.

"மூணு போச்சு. ரெண்டுலதான் நின்னிருக்கு. அந்த ரெண்டும் எவ்வளவு நேரம் நிக்கும்னு ஞான் சொல்ல மாட்டேன். சேச்சி நிக்கிறாங்க."

"சொல்லு," என்றாள் சந்தனமேரி.

"நாளைக்குக் காலைல இறக்கத்துல போயிருக்கும் சேச்சி."

ரோட்டில் டூரிஸ்ட் பஸ் ஒன்று பாட்டோடு போனது.

"நான் நல்லாத்தான் முறுக்குனேன்," என்றான் பாஸ்கல். "ஏறி நின்னு முறுக்குனேன்."

"முறுக்கிருப்ப. ஒன் கைய ஞான் குறை சொல்லல." ஜோமோன் மிச்ச நட்டுகளையும் எடுத்து ஸ்பேசரை வெளியே இழுத்தான். டிரம்மின் முகம் தெரிந்தது. கண் கூசும் வெள்ளிநிறப் பெயிண்ட். பிதுங்கி, அங்கங்கே தோல் மாதிரி சுருண்டு கிடந்தது. ஸ்பேசரைத் திரும்ப அதன் மேல் வைத்து ஒரு ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான். எதிர் ஓரம் எழும்பியது. விரலை எடுத்தான். டக்.

"இதுதான அண்ணா ஒன் சத்தம்?"

பழைய கத்தி ஒன்றால் பெயிண்டைச் சுரண்டினான். வெள்ளிக்குக் கீழே இன்னொரு வெள்ளி. அதற்குக் கீழே சிவப்பு. பிறகு நீலம். மறுபடி சிவப்பு, பச்சை, நீலம்.

"எத்தனை திருநாளு அண்ணா இது?"

"ஆறு."

செபஸ்தியார் திருநாளுக்கு அந்த வட்டாரத்து ஜீப்புகள் எல்லாம் கோயில் முன்னால் வரிசை கட்டி நிற்கும். பங்குச் சாமியார் ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம் தெளித்து வருவார். அதற்கு முந்தின வாரம் ஊர் முழுக்கப் பெயிண்ட் வாசனைதான். மற்றவர்கள் வெளியில் தெரிகிற இடத்தில் மட்டும் பிரஷ் ஓட்டுவார்கள். பாஸ்கல் அப்படிச் செய்கிறவன் இல்லை. நாலு சக்கரத்தையும் கழற்றி, யார் கண்ணுக்கும் தெரியாத டிரம் முகத்துக்கும் பெயிண்ட் அடிப்பான். உள்ளே துருவை வைத்துக்கொண்டு தீர்த்தத்துக்கு நிற்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு எண்ணம். வரிசையிலேயே அவன் வண்டிதான் மின்னும். இந்த வருஷம் இரண்டு கோட்டிங் அடித்திருந்தான். அது காய்ந்தும் காயாமலும் இருந்த வாரத்தில்தான் ஸ்பேசர் ஏறியது.

"பெயிண்டு மெத்தை மாதிரி," என்றான் ஜோமோன். "முறுக்கும்போ இறுகும். வண்டி ஓடி டிரம் சூடானா மெத்தை நசுங்கும். நசுங்குன அளவு நட்டு லூசு. லூசானா தட்டு ஆடும், ஆடுனா இன்னும் நசுங்கும். பழைய வீல் எப்படியோ சமாளிச்சு ஒக்காந்திருந்துச்சு. இந்தத் தட்டு முழு முகமும் இரும்புல ஒக்காரணும். நடுவுல ஒண்ணும் ஆகாது. ஸ்பேசர் மேல குத்தம் இல்ல சேச்சி."

கடைசி வாக்கியத்தை அவன் ஏன் அவளிடம் சொன்னான் என்று தெரியவில்லை. பாஸ்கல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் நாலு மணி வரை வேலை இருந்தது. அந்த டிரம்மில் ஐந்து போல்டையும் அடித்து எடுத்துப் புதுசு போட்டார்கள். நாலு டிரம்மையும் இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டினார்கள். சந்தனமேரியும் கம்பி பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் ஆறு வருஷத்துத் திருநாள் தூள் தூளாக விழுந்தது. பன்னும் கட்டஞ்சாயாவும் வந்தபோது கூட எழுந்திருக்கவில்லை. ஜோமோன் நீளமான பானா ஒன்றால் உள்நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினான். அளவு வந்ததும் அது கிளிக் என்றது. நாலு சக்கரத்துக்கும் இருபது கிளிக்.

"இதைக் கொண்டு போயிட்டு நாளைக்குத் திருப்பித் தா," பானாவைப் பாஸ்கலிடம் நீட்டினான். "நாளைக்கு மொத ஓட்டம் முடிஞ்சு, ஆறினதும், நாலையும் கழட்டி உள்நட்டைப் பாக்கணும். புதுசா ஒக்காந்தது கொஞ்சம் படியும். நாலையும், கேட்டியா?"

திரும்பும்போது நாற்பதில் கை அசையவில்லை. ஐம்பது. பால் நிறைந்த டம்ளரை வைத்தாலும் சிந்தாது.

"பாத்தியா மேரி?" பாஸ்கலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டு மாதிரி போவுது."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சக்கரத்துக்கு மேலதான் நான் உக்காந்திருந்தேன்."

"கழண்டு வரும்னு எனக்குத் தெரியாது மேரி. சத்தியமா."

"ஆடுதுன்னு தெரியும்."

அவன் கியரை மாற்றினான்.

"எம்பக்கம்தான் ஆடுதுன்னும் தெரியும். தெரிஞ்சுட்டு, காலைல 'ஏறு'ன்னு கதவத் தொறந்து விட்டீங்க. ஒம்பது நாளும்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நாளைக்கு அவளுகட்ட சொல்லணும். நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?"

"இப்பத்தான் சரியாயிட்டுல்லா. இனி அதச் சொல்லி..."

"அப்ப நானே சொல்லுதேன்."

"வேண்டாம்," என்றான். "நான் சொல்லுதேன்."

திங்கள்கிழமை காலை ஆறரை. லயத்து முக்கில் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் சீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். சாரல் பொடித்துக்கொண்டிருந்தது. பாஸ்கல் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். இறங்குகிற வழக்கம் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

சொன்னான். ஒன்பது நாள் ஆடியதைச் சொன்னான். உடைந்த போல்டைச் சொன்னான். பெயிண்டைச் சொன்னான். நேற்று சரி செய்ததைக் கடைசியாகச் சொன்னான்.

மாரித்தாய் வெற்றிலையை ஓரமாகத் துப்பினாள்.

"இன்னைக்குக் கழண்டு விழுமா?"

"விழாது மதினி."

"முந்தாநாளும் இதத்தான சொன்ன. ரோடு அப்படின்னு."

"அது..."

"ஒங்க வெயிட்டுன்னும் சொன்ன. நாங்களும் கெக்கெக்கேன்னு சிரிச்சோம்." அவள் தூக்குவாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எம்மவளுக்குப் பேறுகாலம் அடுத்த மாசம்டா. நான் இல்லாம அவளுக்கு யாரு இருக்கா? வாங்கடி, தேயிலைக்குள்ள குறுக்க எறங்குனா எட்டு மணிக்குள்ள போயிரலாம்."

ஆறு பேர் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தேயிலைக்குள் இறங்கினார்கள். சந்தனமேரி ஏழாவதாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தரீனாள் மட்டும் நின்றாள். சரிவைப் பார்த்தாள். தன் முட்டியைப் பார்த்தாள். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து முனகிக்கொண்டே ஏறினாள்.

"ஒன்ன நம்பி ஏறலடா," என்றாள். "என் காலுக்கு வேற வழி இல்ல. அதான் ஏறுதேன். மெதுவாப் போ."

இருபதுக்கு மேல் அவன் போகவில்லை. ஏழு கிலோமீட்டரும் அவள் பிடித்த கம்பியை விடவில்லை. முன் சீட்டுக்கு வரச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

காட்டு வாசலில் கத்தரீனாள் இறங்கி ஏலக்காய் ஸ்டோருக்குள் போய்விட்டாள். பாஸ்கல் டிரம்மில் கை வைத்து ஆறிவிட்டதா என்று பார்த்தான். பிறகு முன் இடதைக் கழற்றினான். ஐந்து நட்டிலும் நீளப் பானாவைக் கொடுத்தான். ஐந்தும் உடனே கிளிக் என்றன. அசைவு இல்லை. முன் வலதும் அப்படியே. சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது நடந்து வந்தவர்கள் மேலேறி வந்தார்கள். முழங்கால் வரை சேறு. காலில் ஏறிய அட்டையைச் சுண்ணாம்பு தடவி எடுத்துக்கொண்டே மாரித்தாய் அவனைத் தாண்டிப் போனாள். ஒருத்தியும் நிற்கவில்லை.

சந்தனமேரி இரண்டு எட்டு தாண்டிப் போய் நின்றாள்.

"பின்னால பாத்தாச்சா?"

"முன்னாலதான போச்சு. பின்னால ஒண்ணும் இருக்காது."

"பின்னாலயும் நீங்கதான பெயிண்டு அடிச்சீங்க."

போய்விட்டாள். ஸ்டோர் தாழ்வாரத்தில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றைக் காந்தாரி மிளகாய் கடித்து அவசரமாகத் தின்றார்கள். எட்டு மணிக்குச் சூப்பர்வைசர் பெயர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை.

பின் இடது சரியாக இருந்தது. பின் வலதைக் கழற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. கிளிக். நாலாவதில் பானா வழுக்கியது போல இருந்தது. வழுக்கவில்லை. நட்டு ஓடியது. கால் சுற்று ஓடி, அப்புறம்தான் கிளிக் என்றது.

பாஸ்கல் பானாவை நட்டிலிருந்து எடுத்தான்.

படியும் என்று ஜோமோன் சொன்னதுதான். இறுகியும் விட்டது. சுற்றிப் பார்த்தான். ஜீப்பின் இந்தப் பக்கம் யாரும் இல்லை. தாழ்வாரத்தில் பெண்கள் கை கழுவி வரிசைக்கு எழுந்துவிட்டார்கள். நோட்டை விரித்துச் சூப்பர்வைசர் முதல் பெயரைக் கூப்பிட்டார். ஐந்தாவது நட்டையும் பார்த்துச் சக்கரத்தை ஏற்றினால் முடிந்தது. ஒருத்திக்கும் தெரியாது. சாயங்காலம் ஒரு வேளை நாலு பேராவது ஏறுவார்கள்.

எழுந்து நின்றான்.

"மேரி!"

கத்தல் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. வரிசை மொத்தமும் திரும்பியது. சூப்பர்வைசரும் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணு ஓடிருக்கு! பின்னால வலது. கால் சுத்து!"

"கால் சுத்தா!" என்று கத்தரீனாள் நெஞ்சில் கை வைத்தாள். "அந்தப் பக்கந்தானடா நான் இருந்தேன்!"

"ஆமா," என்றான் பாஸ்கல். "அந்தப் பக்கந்தான்."

மாரித்தாய் அவனையே பார்த்தாள். சந்தனமேரி வரிசையை விட்டு வெளியே வந்தாள். சேறு மிதித்து ஜீப்பைச் சுற்றி வந்து, அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எது?"

காட்டினான்.

"இன்னும் ஒண்ணு பாக்காம இருக்கு," என்றான்.

"முறுக்குங்க. நான் பாக்கேன்."

தாழ்வாரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அவள் பானாவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.